மத்திக்கு முந்தைய கணக்கு

அயோத்தியாப்பட்டணத்தில் மத்தி விலை ஏறினால் மீன்கடைக்காரரைத்தான் திட்டுகிறோம்; கணக்கு தொடங்குவதோ கடலில். தென்மேற்குப் பருவத்தில் கேரளக் கரையோர நீரோட்டம் தெற்கே திரும்ப, அடியிலிருந்து குளிர்ந்த, சத்துள்ள நீர் மேலேறுகிறது. நுண்பாசி பெருகும், அதை மேய ஒரு மில்லிமீட்டர் அளவேயான கோப்பிபாடுகள் என்ற மிதவை விலங்குகள் மொய்க்கும், இரண்டையும் மத்தி தின்னும். நீரோட்டம் பாசியையும் கோப்பிபாடுகளையும் வெளிக்கடலுக்கும் இழுத்துப்போகும். வங்கக் கடலிலோ ஆற்று நன்னீர் மூடிபோலப் படிந்து இந்தக் கலக்கலைத் தடுக்கிறது. 1959-65 இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தில், 200 மீட்டர் ஆழத்திலிருந்து வலை இழுத்துச் சேர்த்த இத்தகைய மிதவை விலங்குகளைக் கொச்சியில் உட்கார்ந்து இனம் பிரித்தார்கள். அலுப்பான வேலைதான். ஆனால் செயற்கைக்கோள் படம் கடலின் பச்சையைக் காட்டும்; மேய்வது எந்த இனம் என்று காட்டாது. படகு மானியத்துக்கு ஒதுக்கும் பணத்தில் கொஞ்சத்தை ஆண்டுதோறும் அந்த வலைக்கும் நுண்ணோக்கிக்கும் தர வேண்டும் என்பது என் கட்சி.