இடிபாடு எங்கே போய்ச் சேருகிறது?

தை மாதக் கல்யாணங்களுக்கு முன்னால் நம் செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்களில் வீட்டு மராமத்து வேலை மும்முரமாக நடக்கிறது. பழைய சமையலறை இடிபடுகிறது, தரை பெயர்க்கப்படுகிறது, ஓட்டு வீடு மெத்தை வீடாகிறது. இடித்த செங்கலும் காரையும் எங்கே போகின்றன என்று வீட்டுக்காரர் கேட்பதில்லை. ‘ரப்பீஸை அள்ளிட்டுப் போயிடுங்க’ என்று மேஸ்திரியிடம் சொல்வதோடு அவர் பொறுப்பு முடிந்துவிடுகிறது. மேஸ்திரி குட்டியானை ஓட்டுநரிடம் சொல்கிறார். ஓட்டுநர், கேட்பாரில்லாத இடமாகப் பார்த்துக் கொட்டிவிட்டு வருகிறார்.

கேட்பாரில்லாத இடம் எது? ஏரிக்கரை, ஓடைப் புறம்போக்கு, சுடுகாட்டுப் பாதை, காலனிக்குத் திரும்பும் முனை. ஊர்த்தெருவில் ஒரு வண்டி கொட்டினால் அன்றைக்கே பஞ்சாயத்து கூடிவிடும். காலனி முனையில் கொட்டினால், மழையில் வாய்க்கால் அடைத்து வீட்டுக்குள் தண்ணீர் புகும் வரை எந்த அதிகாரி கண்ணுக்கும் அது தெரிவதில்லை. கொட்டும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் சாதி இருக்கிறது.

கட்டடக் கழிவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ‘தொழிலாளர்களுக்கு விழிப்புணர்வு வேண்டும்’ என்கிறார்கள். வேண்டும்தான். ஆனால் சட்டம் முதலில் யாரைப் பொறுப்பாக்குகிறது? கட்டுமான மற்றும் இடிபாட்டுக் கழிவு மேலாண்மை விதிகள் 2016-இல் வந்தன. கழிவை உண்டாக்குகிறவரே அதைத் தன் இடத்தில் பிரித்து வைத்து, உரிய கட்டணம் செலுத்தி, உள்ளாட்சி காட்டும் இடத்தில் சேர்க்க வேண்டும். சாலையிலோ வடிகாலிலோ கொட்டக் கூடாது. அந்த இடத்தைக் காட்ட வேண்டியது உள்ளாட்சியின் கடமை. ஒரு நாளில் 20 டன்னுக்கு மேல், அல்லது ஒரு மாதத்தில் 300 டன்னுக்கு மேல் கழிவு உண்டாக்குகிறவர் திட்டமே எழுதிக் கொடுத்து அனுமதி பெற வேண்டும் என்று அந்த 2016 விதிகள் கூறின.

ஒரு குளியலறையை இடித்தால் ஒன்றிரண்டு குட்டியானை கழிவுதான் வரும். அதற்குத் திட்டம் கேட்பவர் யாருமில்லை. 2025-இல் அறிவிக்கப்பட்டு, 2026 ஏப்ரல் 1-ஐ நடைமுறை நாளாகக் கொண்ட புதிய விதிகளும், கழிவை மறுசுழற்சி செய்யும் விரிந்த பொறுப்பை 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுகிறவர்கள் மீதுதான் வைக்கின்றன. ஆகவே சின்ன மராமத்தில் பொறுப்பு முழுவதும் கீழே இறங்கி, பாண்டு சுமக்கும் சித்தாளின் தலையிலும் வண்டி ஓட்டும் இளைஞனின் தலையிலும் வந்து நிற்கிறது. வண்டி பிடிபட்டால் அபராதம் கட்டுவது அந்த இளைஞன். அவன் பெரும்பாலும் நம் தெருப் பிள்ளை.

அந்தச் சுமையில் நோயும் இருக்கிறது. டைல்ஸையும் கான்கிரீட்டையும் அறுக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ் நோய்க்குக் குணமில்லை. பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை உடைத்தால் வெளிப்படும் இழை, பல ஆண்டு கழித்துப் புற்றுநோயாக வரக்கூடும். முகத்தில் கட்டும் துண்டு இவற்றைத் தடுக்காது.

மராமத்தில் இன்னொரு வேலையும் வரும். பழைய கழிவுநீர்த் தொட்டியை இடிக்க வேண்டும் என்பார்கள். அதற்கு மட்டும் ஆள் தேடுவது எந்தத் தெருவில் என்று நமக்குத் தெரியும். மலம் அள்ளும் தொழிலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புச் சாதனமின்றி ஆளைத் தொட்டிக்குள் இறக்குவதைக் குற்றமாக்கியிருக்கிறது. முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தால் இழப்பீடு 30 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் உயர்த்தியது. மேஸ்திரி எவ்வளவு கூடுதல் கூலி சொன்னாலும் இறங்க வேண்டாம்.

நம் தொழிலாளர்களிடம் சொல்ல நமக்கும் சில உண்டு. இடிக்கும்போதே பிரியுங்கள். செங்கல், கான்கிரீட், மண், கம்பி மரம் பிளாஸ்டிக் எனத் தனித்தனியாக. கம்பிக்குக் காயலான் கடையில் விலை உண்டு. சுத்தமான கான்கிரீட்டை உடைத்துச் சாதாரணக் கான்கிரீட்டில் 25 விழுக்காடு வரை ஜல்லிக்குப் பதிலாகச் சேர்க்கலாம் என்கிறது ஐஎஸ் 383 தரநிலை. பள்ளத்தில் இருக்கும் காலனி வீடுகளை மேடாக்க நம் மக்களே ரப்பீஸ் கேட்டு வாங்குகிறார்கள். அதில் கண்ணாடியும் பெயின்ட் டப்பாவும் ஆஸ்பெஸ்டாஸ் துண்டும் கலந்திருந்தால், அதன் மேல் விளையாடப்போவது நம் குழந்தைகள். தகட்டை உடைக்காமல், நனைத்து, முழுசாகக் கழற்றுங்கள். தண்ணீர் தெளிக்காமல் இடிக்காதீர்கள்.

இதற்கெல்லாம் நேரம் ஆகும், நேரத்துக்குக் கூலி வேண்டும். ஆகவே வேலை பேசும்போதே கழிவைப் பிரிக்கும் கூலியையும் ஏற்றிச் செல்லும் வாடகையையும் வீட்டுக்காரர் கணக்கில் தனியாக எழுதி வாங்குங்கள். நல வாரியத்தில் பதியாதவர்கள் பதிந்துகொள்ளுங்கள்.

காலனிகளில் இருப்போர் செய்ய வேண்டியதும் உண்டு. பட்டியல் சாதி, பழங்குடியினரை அவமதிக்கவோ தொல்லைப்படுத்தவோ எண்ணி, மற்றவர்கள் அவர்கள் குடியிருப்புப் பகுதியில் கழிவு கொட்டுவது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(சி) பிரிவின்படி குற்றம். எண்ணத்தை நிரூபிக்க வேண்டும் என்பதால் பல புகார்கள் நிற்பதில்லை. எனவே முதல் வண்டி வந்ததுமே வண்டி எண்ணோடு உள்ளாட்சிக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்கி வையுங்கள். தடுத்த பிறகும் கொட்டினால் ‘தெரியாமல் கொட்டினோம்’ என்று சொல்ல முடியாது.

ஒவ்வொரு பேரூராட்சியும் ஊராட்சி ஒன்றியமும் கட்டடக் கழிவுக்கு ஓர் இடத்தை அறிவித்து, பலகை வைத்து, கட்டணத்தை எழுதிப் போட வேண்டும். அந்த இடம் ஏரியாகவும் இருக்கக் கூடாது, சேரியை ஒட்டியும் இருக்கக் கூடாது. அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாக வையுங்கள். கொட்ட இடமே காட்டாமல் தொழிலாளிக்குப் பொறுப்பைப் போதிப்பதில் நியாயமில்லை.