காஸ் முடிந்துவிட்டதா?

"குளிர் காணாது, காஸ் முடிஞ்சு போச்சு" என்று திருத்த வருபவர் சொன்னதும் சகோதரிகள் பலர் சீட்டுக்காசை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். குளிர்சாதனப் பெட்டியின் காஸ், அடுப்புக் காஸைப்போல் பாவிக்கப் பாவிக்கக் குறைவதன்று. குழாயில் கசிவிருந்தால்தான் குறையும். கசிவை அடைக்காமல் நிரப்பினால் அதுவும் போய்விடும். "எங்கே கசிகிறது?" என்று கேளுங்கள்.

அவரை அழைக்குமுன் கதவு றப்பரைப் பாருங்கள். இடையில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். இலேசாக வழுக்கி வந்தால் குளிர் அவ்வழியே போகிறது. (றப்பரில் ஒட்டிய சீனிப்பாணியும் காரணமாகலாம், இளஞ்சூட்டு நீரால் துடைத்தாலே போதும்.) ஐஸ் தடித்திருந்தால் மின்சாரத்தை நிறுத்திக் கரையவிடுங்கள். கத்தியால் சுரண்டினால் குழாய் துளைபட்டு, உண்மையாகவே காஸ் போய்விடும்!

இன்சுலின் வைத்திருப்பவர்கள் திருத்தி முடியும்வரை காத்திருக்க வேண்டாம். திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிர் வேண்டும். அன்றே அயல்வீட்டுப் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள்.