களைப்பு என்னும் காவல்

ஊக்கமருந்தை ஏமாற்று வேலை என்றே பெரும்பாலும் கண்டிக்கிறோம். அஃது உயிர்ப்பகை என்பதைப் பேச மறக்கிறோம். கால் தளர்வதும் மூச்சு முட்டுவதும் வீரரின் குறைகள் அல்ல; 'நில்' என்று உடல் இடும் ஆணைகள். ஆம்பெட்டமைன் என்னும் மருந்து அவ்வாணையைக் கேளாமல் செய்துவிடுகிறது, உடல்வெப்பத்தையும் ஏற்றுகிறது.

1967 ஜூலை 13. பிரான்சின் மோன் வான்டூ மலையில் கடும் வெயில். 'டூர் டி பிரான்ஸ்' மிதிவண்டிப் போட்டியில், 1965ஆம் ஆண்டின் உலக வாகையரான இங்கிலாந்து வீரர் டாம் சிம்ப்சன், உச்சிக்கு அருகில் சாய்ந்து விழுந்தார். பிறர் துணையால் மீண்டும் வண்டியேறினார், சிறிது தொலைவில் மறுபடியும் சரிந்தார், பின்னர்ப் பிழைக்கவில்லை. அப்போது அவருக்கு வயது 29. உடற்கூறாய்வில் ஆம்பெட்டமைனும் மதுவும் இருந்தமை தெரியவந்தது. முதல் வீழ்ச்சியிலேயே ஓய்வு கொண்டிருக்க வேண்டிய உடல் அது!

இதனினும் வேதனை ஒன்று உண்டு. அதற்கு முந்தைய ஆண்டுதான் இதே போட்டியில் மருந்துச் சோதனை தொடங்கியது. வீரர்களோ வண்டியை விட்டிறங்கி நடந்து எதிர்ப்பைக் காட்டினர். சோதிக்க வந்தவரைப் பகைவராகக் கண்டனர்; மருத்துவராகக் கண்டிருக்கலாம் என்பதே என் எண்ணம். 1968இல் ஒலிம்பிக் போட்டிகளிலும் அச்சோதனை நடைமுறைக்கு வந்தது.