மிஸ்டர் பீன் செய்தது சரிதான்

மிஸ்டர் பீனைத் தெரியாத ஆட்கள் எங்கட வயதில் இருக்க வாய்ப்பில்லை. அந்தப் பச்சை மினி கார், கதவில் தொங்கும் பூட்டு, கூரை மேல கதிரையைக் கட்டி அதில் இருந்துகொண்டே கார் ஓடின காட்சி எல்லாம் ரீவியில் பார்த்துச் சிரித்து வளர்ந்தவர்கள்தான் நாங்கள். ஆனால் அந்த வேடத்தில் நடித்த ரோவன் அட்கின்சன் சொந்த வாழ்க்கையில் பதினெட்டு வருசம் வைத்திருந்த காருக்கும் அந்த மினிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவர் வைத்திருந்தது மக்லாரன் எஃப் 1.

கார் பைத்தியம் இல்லாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். கோர்டன் மறே என்ற, தென்னாபிரிக்காவில் பிறந்த வடிவமைப்பாளர் உருவாக்கிய கார் இது. மொத்தமாகச் செய்யப்பட்டவை 106 மட்டும்தான். சாரதியின் ஆசனம் நடுவில் இருக்கும். இரண்டு பக்கமும் கொஞ்சம் பின்தள்ளி ஆளுக்கொரு ஆசனம். எஞ்சினின் சூடு மற்றப் பாகங்களைத் தாக்காமல் இருக்க, எஞ்சின் அறையின் உட்புறத்துக்குத் தங்கத் தகடு ஒட்டியிருப்பார்கள். ஆடம்பரத்துக்கு இல்லை, வெப்பத்தைத் தெறிக்க வைக்கிறதுக்குத் தங்கம் நல்லது எண்டபடியால். 1998இல் இந்தக் கார் மணிக்கு 386 கிலோமீற்றர் வேகத்தைத் தொட்டது.

இப்பிடிப்பட்ட காரை அட்கின்சன் 1997இல் அரை மில்லியன் பவுணுக்கு மேல் கொடுத்து வாங்கினார். வாங்கிப் பூட்டி வைக்கவில்லை. கடைக்குப் போக, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்க என்று ஒரு சாதாரணக் காரைப் போலவே பாவித்தார். 1999இல் முன்னால் நின்ற காரின் பின்பக்கத்தில் கொண்டுபோய் இடித்தார். 2011இல் வழுக்கி வீதியை விட்டு விலகி மரத்தில் மோதி, தோள்பட்டை எலும்பை உடைத்துக்கொண்டார். அந்த இரண்டாவது விபத்துக்குப் பிறகு காரைத் திருத்த ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. காப்புறுதி நிறுவனம் கொடுத்த தொகை ஏறத்தாழ 910,000 பவுண். திருத்தி வந்த காரைத் திரும்பவும் எடுத்து ஓடினார் மனுசன்! 2015இல் விற்கிறபோது அந்தக் கார் 41,000 மைல் ஓடியிருந்தது. கேட்ட விலை 8 மில்லியன் பவுண்.

இதுக்கு நேர்மாறான கதை ஒன்றும் இருக்கு. 1995இல் செய்த இன்னொரு எஃப் 1, 2021 ஓகஸ்ற்றில் அமெரிக்காவில் ஏலத்துக்கு வந்தது. 26 வருடத்தில் அது ஓடியிருந்த தூரம் 242 மைல். கிலோமீற்றரில் 390க்குக் கிட்ட. யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்கு ஒருக்காப் போய்ச் சேர்ற தூரம், அவ்வளவுதான். திரும்பி வரக்கூட இல்லை. அந்தக் கார் 20 மில்லியன் டொலருக்கு மேல் விலைப்பட்டது.

இரண்டு காரும் ஒரே ஆள் வடிவமைத்தவை, ஒரே தொழிற்சாலையில் பிறந்தவை. ஒன்று அடிபட்டு, முறிந்து, மழையில் நனைந்து, ஒரு குடும்பத்தோடு வாழ்ந்தது. மற்றது ஒரு கீறல் இல்லாமல் இருட்டில் இருந்தது. எது சரி? கார்ப் பிரியர்கள் பல வருடமாகப் பிடிக்கிற சண்டை இது. என்னுடைய கட்சியைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டேன். ஏன் என்பதைத்தான் இனிச் சொல்ல வேணும்.

அதுக்கு முதல் ஒரு கேள்வி வரும் எண்டு தெரியும். "கோடீஸ்வரர்களின்ர விளையாட்டுச் சாமானைப் பற்றி நாங்கள் ஏன் கதைக்க வேணும்?" நியாயம்தான். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தின நாடு இது. ஐந்து வருசம் கழித்து அனுமதி திரும்பி வந்தும் பழைய வகன்ஆர் ஒன்றின் விலையைக் கேட்டாலே தலை சுத்துது. ஆனால் இந்தக் கேள்வியில் காரை விடப் பெரிய விசயம் ஒன்று இருக்கு. பெறுமதியான ஒரு பொருளை நாங்கள் காப்பாற்றுகிறோம் என்று சொல்லும்போது உண்மையில் எதைக் காப்பாற்றுகிறோம்? அந்தப் பொருளையா, அதன் விலையையா?

முதலில் ஒரு எளிய உண்மை. ஓடாமல் வைத்தால் கார் அப்படியே இருக்கும் என்பது பிழையான நம்பிக்கை. 2022இல் பெற்றோல் இல்லாமல் வாகனங்கள் மாதக்கணக்கில் நின்றதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். எங்கட ஒழுங்கையில் ஒரு மாமா, கியூ.ஆர். முறை வந்து ஒருவழியாகப் பெற்றோல் கிடைத்த சந்தோசத்தில் காரை ஸ்ராட் பண்ணப் போனார். பற்றரி செத்துப்போச்சு. புதுசு மாற்றினால் பிரேக் இறுகிப்போய்க் கிடந்தது. கார் ஒரு இடமும் போகாமலே கராஜ் பில் மட்டும் வந்தது.

மக்லாரனுக்கும் இதே விதிதான். நிற்கிற காரில் இறப்பர்ச் சீல்கள் காயும், வெடிக்கும். பிரேக் எண்ணெய் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். பெற்றோல் பழுதாகி, பிசின் மாதிரிப் படிந்து குழாய்களை அடைக்கும். பாரம் ஒரே இடத்தில் அழுத்தி அழுத்தி ரயர் தட்டையாகும். எஃப் 1இல் இன்னொரு தொல்லையும் இருக்கு. அதன் எரிபொருள் தாங்கியைச் சில வருடங்களுக்கு ஒருக்கா மாற்றியே ஆகவேணும், அதுக்கு எஞ்சினையே வெளியில் எடுக்க வேணும். கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இந்தச் செலவு வரும். ஆக, தொடாமல் வைத்திருக்கும் கார் மெதுவாக, சத்தமில்லாமல் பழுதாகிக்கொண்டிருக்கிற கார். நேரம் அதில் கை வைக்கிறது வெளியில் தெரியாது, அவ்வளவுதான்.

இரண்டாவது விசயம் எனக்கு இன்னும் முக்கியமானது. இயந்திரம் ஒன்றைக் காப்பாற்றுவது என்றால் அதைத் திருத்தத் தெரிந்த கைகளையும் சேர்த்துக் காப்பாற்றுவது. இதுக்கு யாழ்ப்பாணத்தை விட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் எல்லாம் இங்கிலாந்தில் எப்போதோ பழசாகிப் போன பிறகும் எங்கட வீதிகளில் ஓடின. யாரும் "பாரம்பரியம்" என்று நினைத்து அவற்றை ஓடவில்லை. வேற வழி இல்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பெற்றோலில் சில துளி விட்டு ஸ்ராட் எடுத்து, மண்ணெண்ணெயில் ஓடினார்கள். உதிரிப்பாகம் வராதபோது லேத்தில் கடைந்து போட்டார்கள். இன்றைக்கும் கலியாண ஊர்வலத்துக்கு அந்தக் கார்களில் சில வருகுது என்றால் காரணம் யாரோ துணி போட்டு மூடி வைத்தது இல்லை. ஓட வேண்டியிருந்தது, ஓடினபடியால் திருத்த வேண்டியிருந்தது, திருத்தினபடியால் திருத்தத் தெரிந்த ஒரு தலைமுறை இருந்தது.

அட்கின்சனின் விபத்தையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். அந்தக் கார் ஒரு வருடத்துக்கு மேல் திருத்தப்பட்டதால், அதன் காபன் ஃபைபர் உடலை எப்படி மீட்பது என்று கையால் செய்து பார்த்து அறிந்த ஆட்கள் இருக்கிறார்கள். 242 மைல் கார் யாருக்கு என்ன கற்றுக் கொடுத்தது?

இப்ப மறுபக்கம். அதைக் கேலி செய்துவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

"ஒரு பொருள் ஒருக்காத்தான் அசலாக இருக்கும்" என்பது பாதுகாக்கச் சொல்பவர்களின் வாதம். தொழிற்சாலையில் அடித்த முதல் பெயின்ற், ஆசனத்தில் போட்ட முதல் தையல், ஒரு தொழிலாளி போல்ற்றில் விட்ட அடையாளம் எல்லாம் ஆவணங்கள். திரும்பப் பெயின்ற் அடித்தால் கார் பளபளக்கும், ஆவணம் அழிந்துவிடும். ஓடினால் தேயும், தேய்ந்தால் மாற்ற வேணும், மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது எது? யாழ் நூலகம் எரிந்த கதையைக் கேட்டு வளர்ந்த நாங்கள் இந்தக் கேள்வியை லேசாகத் தட்டிவிட ஏலாது. ஒரே ஒரு பிரதிதான் இருந்தது, அது போய்விட்டது என்றால் என்ன என்று எங்களுக்குத் தெரியும்.

அதனால் ஒன்றிரண்டு மட்டுமே உலகில் மிஞ்சியிருக்கும் காரைக் கடைக்குப் போக எடுக்கச் சொல்லி நான் வாதாட வரவில்லை. 1955இல் மெர்சிடிஸ் இரண்டே இரண்டு 300 எஸ்.எல்.ஆர். கூபே செய்தது. போட்டிக்கென்று செய்தது, ஆனால் அந்த வருடத்தோடு நிறுவனம் போட்டிகளை விட்டு விலகியதால் ஒரு பந்தயத்திலும் ஓடவில்லை. அதைச் செய்த பொறியியலாளர் ருடோல்ஃப் ஊலன்ஹவுற் என்ன செய்தார் தெரியுமா? தன்ர கந்தோர்க் காராக வீதியில் ஓடித் திரிந்தார். அந்த இரண்டில் ஒன்று 2022இல் 135 மில்லியன் யூரோவுக்கு விலைபோனது. மற்றதை நிறுவனமே வைத்திருக்கிறது. இன்றைக்கு அதை யாராவது மழையில் வேகமாக ஓடப் போனால் நானே போய் மறிப்பேன். ஆனால் அந்த விற்பனையில் ஒரு விசயம் கவனிக்க வேண்டியது. விசேட நிகழ்வுகளில் மக்கள் பார்க்கக் காரைக் கொண்டுவர வாங்கியவர் சம்மதித்திருந்தார். பாதுகாப்பு என்றால் அதில் "யாருக்காக?" என்ற கேள்விக்கு ஒரு பதில் இருக்க வேணும் என்று அங்கே யாரோ யோசித்திருக்கிறார்கள்.

என்னுடைய கோபம் இங்கேதான். இந்தச் சண்டையில் "ஓடு" கட்சியும் "பாதுகா" கட்சியும் உண்மையில் எதிரிகள் இல்லை. இரண்டு பேருக்கும் காரில் அன்பு இருக்கு. மூன்றாவது ஒரு ஆள் "பாதுகா" கட்சியின் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். அவர் காரை ஓடவும் மாட்டார், ஒருவருக்கும் காட்டவும் மாட்டார். வெப்பநிலை கட்டுப்படுத்திய ஒரு களஞ்சியத்தில் பூட்டிவிட்டு விலை ஏறும்வரைக்கும் காத்திருப்பார். எங்கட வீடுகளில் நகையை வங்கி லொக்கரில் வைப்பதும் இதுதான். ஆனால் அம்மா ஒரு நாளும் "நான் கலையைப் பாதுகாக்கிறேன்" என்று சொன்னதில்லை. "அவசரத்துக்கு உதவும்" என்று நேர்மையாகச் சொல்லுவா. காரைச் சேமிப்பாக வாங்குவது அவரவர் காசு, அவரவர் விருப்பம். அதுக்கு வரலாறு, பாரம்பரியம் என்று பெயர் வைக்க வேண்டாம் என்பதுதான் என் வேண்டுகோள்.

சரியாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் மூளைச் சத்திரசிகிச்சை நிபுணரான பிரெட் சிமியோன் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த பந்தயக் கார்களை வைத்து ஒரு அருங்காட்சியகம் தொடங்கினார். பழைய பெயின்றைத் தொடாதே, கீறலை மறைக்காதே என்பது அவருடைய கொள்கை. "பாதுகா" கட்சியின் தலைவர் என்றே சொல்லலாம். அதே அருங்காட்சியகத்தில் குறிப்பிட்ட நாட்களில் கார்களை வெளியில் எடுத்து, ஸ்ராட் பண்ணி, வந்திருக்கும் சனத்துக்கு முன்னால் ஓடிக் காட்டுகிறார்கள். அந்தச் சத்தமும் புகை மணமும் கூட அந்தக் காரின் ஒரு பகுதி என்று அவர்களுக்கு விளங்கியிருக்கு.

இதை வாசித்தபோது எனக்கு எங்கட கோயில் தேர்தான் ஞாபகம் வந்தது. வருடம் முழுக்கத் தேர்முட்டிக்குள் நிற்கும். வெயில், மழை படாமல் பார்ப்பார்கள். ஒவ்வொரு சிற்பத்துக்கும் கணக்கு இருக்கும். ஆனால் திருவிழாவுக்கு அதை வெளியில் எடுத்தே ஆகவேணும். அச்சுத் தேயும், சில்லு முனகும், சில நேரம் மூலையில் திரும்பாமல் நின்று எல்லாரையும் கலங்க வைக்கும். "இவ்வளவு பெறுமதியான மரவேலை, இனி இழுக்க வேண்டாம், கண்ணாடி போட்டு மூடுவம்" என்று எந்தத் தர்மகர்த்தாவும் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. சொன்னால் ஊர் விடாது.

எனக்கு நியாயமாகப் படுவது இதுதான். உலகில் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சியிருக்கிறதா, தேர் மாதிரி வை. பத்திரமாக வை, ஆனால் நாள் குறித்து வெளியில் எடு, எல்லாரையும் பார்க்க விடு. நூற்றுச் சொச்சம் இருக்கிறதா, ஓடு. கவனமாக ஓடு, ஏனென்றால் வீதியில் மற்றவர்களும் இருக்கிறார்கள். 1999இல் இடிபட்ட அந்தக் காரின் சொந்தக்காரரிடம் கேட்டால் இந்தக் கட்டுரையை அவர் வேறு விதமாக எழுதியிருப்பார். அதையும் நான் ஒத்துக்கொள்கிறேன்.

ஆனாலும் அந்த இரண்டு எஃப் 1களில் ஒன்றை இன்றைக்கு எனக்கு யாரும் தருவதாக இருந்தால் (கனவுதானே, காசா பணமா), 242 மைல் காரைக் கேட்க மாட்டேன். இரண்டு தரம் அடிபட்டுத் திருத்தி, 41,000 மைல் ஓடின அந்தக் காரைத்தான் கேட்பேன். நடு ஆசனத்தில் நான், இரண்டு பக்கமும் இரண்டு சிநேகிதர்கள், விடியற்காலை ஏ9. கொழும்புக்குப் போய்ச் சேர்ந்து ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு, கட்டாயம் திரும்பியும் வருவேன்.