பழவேற்காடு ஏரி: முகத்துவாரத்தை மட்டும் வெட்டினால் போதுமா?

பழவேற்காடு முகத்துவாரம் தூர்ந்துபோகும் ஒவ்வொரு முறையும் பொக்லைன் இறக்கி மணலை வாரிவிட்டு, அடுத்த அடைப்பு வரை ஏரியை மறந்துவிடும் வழக்கத்தை நாங்கள் ஏற்கவில்லை. முகத்துவாரம், ஆற்று வரத்து, ஏரிக்குள் நீரோட்டம் மூன்றையும் ஒருசேரக் கவனிக்க, தமிழ்நாடும் ஆந்திரமும் இணைந்த ஓர் ஆணையம் வேண்டும்.

சிலிக்காவுக்கு அடுத்து நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தென்முனையும் பழவேற்காட்டு முகத்துவாரமும் திருவள்ளூர் மாவட்டத்தில். கடலில் பொரிக்கும் இறால் குஞ்சு இந்த வாய் வழியே உள்ளே வந்து, ஆரணியாறும் காளங்கியும் கொண்டுவரும் நன்னீர் கலந்த தண்ணீரில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்கே திரும்பும். வாய் அடைத்தால் இந்தப் போக்குவரத்தே நின்றுவிடும். வடக்கில் சூளூர்பேட்டை - ஸ்ரீஹரிகோட்டா சாலை ஏரியைக் குறுக்கே வெட்டிச் செல்கிறது. ராக்கெட் தளத்தோடு எங்களுக்கு வழக்கில்லை. சாலைக்கு அடியில் தண்ணீர் தாராளமாகப் போக வழி விட வேண்டும், அவ்வளவுதான்.

ஆணையம் என்ன செய்யும் என்பதற்குச் சிலிக்கா ஓர் உதாரணம். 1993இல் அது ஆபத்திலுள்ள ராம்சர் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. 2000 செப்டம்பரில் புது முகத்துவாரம் வெட்டினார்கள். மீன்பாடு பல மடங்கு கூடியது. 2002இல் பட்டியலிலிருந்து வெளியே வந்தது. அங்கே 1991 முதலே தனி ஆணையம் இருந்தது. ஆனால் சிலிக்கா ஒரே மாநிலத்து ஏரி. பழவேற்காட்டுக்கு அந்த வசதி இல்லை என்பதால்தான் கூட்டு ஆணையம் கேட்கிறோம்.

முகத்துவாரத்தில் நேர்கல் சுவர் கட்டுவதை எதிர்க்கவில்லை. ஆனால் இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சுவர் தெற்கே மணலைத் தேக்கினால் வடக்கே கரை அரிக்கும். தேங்கும் மணலை ஆண்டுதோறும் வடக்கே கொண்டுசேர்க்கும் பொறுப்பும் செலவும் திட்டத்திலேயே இருக்க வேண்டும். அதே காரணத்தால், முகத்துவாரத்துக்குத் தெற்கே உள்ள காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் விரிவாக்கம் கூடாது என்கிறோம்.

ஆணையத்தில் அதிகாரிகள் மட்டும் உட்கார்ந்தால் பயனில்லை. எந்தத் துறையில் யார், எந்த நாளில் வலை கட்டுவது என்று முறைவைத்துப் பிரிக்கும் பாடு முறையை மீனவ கிராமங்கள் தலைமுறைகளாக நடத்திவருகின்றன. அந்த அனுபவத்துக்கு இடம் வேண்டும். பாடு எல்லோருக்கும் நியாயமானது என்று நாங்கள் சொல்லமாட்டோம்: பனையோலைப் பறியைப் பல்லில் கடித்தபடி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு அதில் பங்கில்லை. ஆணையத்தில் அவர்களுக்கும் இருக்கை ஒதுக்க வேண்டும்.

ஆணையம் அமையும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று உண்டு. முகத்துவாரத்தின் ஆழத்தையும் ஏரியின் உப்பளவையும் இரு அரசுகளும் மாதந்தோறும் அளந்து, தமிழிலும் தெலுங்கிலும் மீன் இறங்குதளங்களில் எழுதி ஒட்டட்டும்.