மூன்று ஏக்கர் பாட்டீல்

2022 டிசம்பரில் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் கலெக்டர் அலுவலகத்துக்கு மாப்பிள்ளைக் கோலத்தில் இளைஞர்கள் ஊர்வலம் போனார்கள். பேண்டு வாத்தியம், சிலருக்குக் குதிரைகூட. கல்யாணத்துக்குப் பெண் கிடைக்கவில்லை என்று மனு கொடுக்க வந்தவர்கள். பெண் சிசுக்களைக் கருவிலேயே அழித்ததன் வினை என்றார்கள், உண்மைதான். விவசாயம் பார்க்கும் பையனுக்குப் பெண் கொடுக்க அங்கே யாரும் முன்வருவதில்லை என்பதும் உண்மை.

இடஒதுக்கீடு கேட்கும் மராத்தாக்களின் கோபத்தை நான் இங்கிருந்துதான் பார்க்கிறேன். யஷ்வந்த்ராவ் சவானில் தொடங்கி ஏக்நாத் ஷிண்டே வரை, மகாராஷ்டிர முதல்வர் நாற்காலியில் அதிகம் உட்கார்ந்த சாதி. சர்க்கரை ஆலை, கூட்டுறவு வங்கி, தனியார் கல்லூரி எல்லாவற்றிலும் அவர்கள் கைதான் ஓங்கியிருந்தது. இவர்களுக்கு எதற்கு இடஒதுக்கீடு என்று கேட்டுவிடலாம். ஆனால், ஆலையும் கல்லூரியும் சில குடும்பங்களுடையவை. மராத்வாடாவில் தாத்தாவுக்கு 18 ஏக்கர் இருந்தது என்று வையுங்கள். மூன்று பிள்ளைகள், ஆளுக்கு இரண்டு பேரன்கள். பேரன் பங்குக்கு வருவது மூன்று ஏக்கர், அதுவும் மானாவாரி. சோயாவும் பருத்தியும் விலை போகாத வருஷம் கடன்தான். பெயருக்குப் பின்னால் பாட்டீல் என்ற ஊர்த்தலைவர் பட்டம் மட்டும் குறையாமல் நிற்கிறது. அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்க அது விடாது.

இந்தக் கோபம் நியாயமானது. அது பாய்ந்திருக்க வேண்டியது, சாதிப் பெயரைச் சொல்லி ஓட்டு வாங்கிய சொந்தப் பெருந்தலைகள் மீது. பாய்ந்ததோ கீழே. 2016இல் கோபர்டி கிராமத்து மராத்தா சிறுமிக்கு நேர்ந்த கொடூரத்துக்கு நீதி கேட்டு மௌன ஊர்வலங்கள் புறப்பட்டன. அவற்றிலேயே தலித்துகளைக் காக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்து என்ற கோரிக்கையும் சேர்ந்துகொண்டது. மாநில அரசு கொடுத்த மராத்தா இடஒதுக்கீட்டை 2021இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2023இல் அந்தர்வாலி சராட்டியில் போலீஸ் தடியடி நடத்த, அங்கே உண்ணாவிரதம் இருந்த மனோஜ் ஜராங்கே பெரிய தலைவரானார். எங்களையும் ஏற்கெனவே ஓபிசியில் இருக்கும் உழவர் சாதியான குன்பி என்று எழுதி ஓபிசியில் சேருங்கள் என்றார். ஓபிசிக்காரர்கள் கொதித்தார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் பீட் தொகுதியில் ஓட்டு சாதிவாரியாகப் பிளந்தது. ஓபிசியான வஞ்சாரி சாதியைச் சேர்ந்த பங்கஜா முண்டே சுமார் 6,500 ஓட்டில் தோற்றார். ஒரே மழையை நம்பி விதைப்பவர்கள் இப்படிப் பிரிந்து நிற்பதுதான் எனக்கு ஆறவில்லை.

2025 செப்டம்பரில், மும்பை ஆசாத் மைதானத்தில் ஜராங்கே இருந்த உண்ணாவிரதத்துக்குப் பிறகு, மராத்தாக்களைக் குன்பி என்று காட்ட ஆதாரமாகச் சொல்லப்படும் நிஜாம் காலத்து ஹைதராபாத் கெஜட்டை ஏற்று அரசாணை வந்தது. சிலருக்குக் குன்பிச் சான்றிதழ் கிடைக்கும், கிடைக்கட்டும். சோயாவுக்குக் கட்டுப்படியாகும் விலையும் பாசனத் தண்ணீரும் கேட்டு அதே கூட்டம் மும்பைக்குப் போயிருந்தால், பக்கத்துத் தெரு தலித்தும் வஞ்சாரியும் கூடவே வண்டி ஏறியிருப்பார்கள்.