மெருகும் தேய்வும்

பளபளப்பை விரும்பாத மனிதர் இலர். புளியிட்டு விளக்கிய குத்துவிளக்கும், மினுக்கிவிட்ட சீமெந்து நிலமும், கழுவி நிறுத்திய மோட்டார் வண்டியும் வீட்டாருக்கு ஒருவகை மனநிறைவைத் தருகின்றன. இவற்றுள் இறுதியிற் கூறிய வண்டியின் பளபளப்பைப் பற்றி இவ்வாரம் சிறிது ஆராய விரும்புகின்றேன். அது செல்வர் வீட்டு விஷயமன்றோ எனச் சிலர் எண்ணக்கூடும். முற்றிலும் அவ்வாறன்று. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இந்நாட்டின் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025ஆம் ஆண்டிலேதான். அவ்விடைக்காலத்திற் பழைய கார்களின் விலை ஏறியதை யாவரும் கண்டோம். பல குடும்பங்களுக்கு வாசலில் நிற்கும் கார் வீட்டுக்கு அடுத்த பெருஞ்சொத்தாயிற்று. அதனைப் புதியதுபோல் வைத்திருக்க விழைவது இயல்பே. ஆயின் அவ்விழைவே அச்சொத்தை அரித்துவிடவும் கூடும் என்பதைத்தான் ஈண்டு எடுத்துக்காட்ட எண்ணுகின்றேன்.

கருநிறக் கார் ஒன்றின் பொனற் மூடியை வெயிலில் உற்று நோக்குங்கள். அங்கே தெரியும் சூரிய விம்பத்தைச் சுற்றிச் சிலந்திவலை போன்று மெல்லிய கோடுகள் வட்டவட்டமாய்த் தோன்றும். கார் வைத்திருப்போர் உறக்கத்தைக் கெடுப்பவை இக்கோடுகளே. வட்டமாகத் துடைத்ததால் வந்த வினை இது என்று பலர் கூறுவர். மாணவர்கள் இதனைத் தாமே சோதித்துப் பார்க்கலாம். இரவில் ஒரு ரோச் விளக்கை அம்மூடியின் மீது பிடித்து, மெல்ல மெல்ல அப்பால் நகர்த்துங்கள். வட்டமும் விளக்கோடு கூடவே நகர்ந்து செல்லும். கோடுகள் உண்மையில் வட்டமாயின் அவை இருந்த இடத்திலேயே இருத்தல் வேண்டுமன்றோ?

உண்மை இதுதான். மூடியின் மேல் எண்ணற்ற நுண்ணிய கீறல்கள் எல்லாத் திசைகளிலும் கிடக்கின்றன. ஒவ்வொரு கீறலும் தன் நீளத்துக்குக் குறுக்கான திசையிலேயே ஒளியைப் பெரிதும் சிதறச் செய்கிறது. ஆகவே விளக்கின் விம்பத்துக்குக் குறுக்காகக் கிடக்கும் கீறல்களே நம் கண்ணுக்கு மின்னுகின்றன. ஏனையவை மறைந்து கிடக்கின்றன. மின்னுவனவெல்லாம் ஒன்றுசேர்ந்து வட்டமெனத் தோற்றுகின்றன. மழையில் நனைந்த மரக்கிளைகளினூடே தெருவிளக்கை நோக்கும்போது, சுள்ளிகள் அவ்விளக்கைச் சுற்றி வளையமிட்டாற்போலத் தோன்றுவதும் இக்காரணத்தினாலேயே.

இக்கீறல்கள் எங்கிருந்து வருகின்றன? பெரும்பாலும் நாம் வண்டியைத் துப்புரவு செய்யும் வேளையிலேயே வருகின்றன. தெருப்புழுதியிலுள்ள மணலிற் பெரும்பகுதி படிகக்கல். கனிப்பொருள்களின் வன்மையை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதன் இடம் 7. வண்டியின் மேற்பூச்சோ அதனிலும் மிக மென்மையான பிசின். புழுதி படிந்த வண்டியை உலர்ந்த பழஞ்சாரத் துணியினாலோ இறகுத் துடைப்பத்தினாலோ துடைப்பவர், தம் கையாலேயே மணலைப் பூச்சின்மேல் இழுக்கின்றார். கழுவும் நிலையங்கள் சிலவற்றிற் சுழலும் தூரிகைகள், முன்னர் வந்த வண்டியின் சேற்றைச் சுமந்துகொண்டு அடுத்த வண்டிக்கும் அதே உபசாரத்தைச் செய்கின்றன.

கீறலைக் கண்டதும் நாம் நாடுவது மெருகிடுதலை. ‘கட் அன்ட் பொலிஷ்’ என இந்நாட்டில் வழங்கும் பெயரிலேயே உண்மை அடங்கியிருக்கின்றது. முதலில் வருவது வெட்டுதல்; பின்னர் வருவதே மினுக்குதல். மெருகுப் பசையில் அலுமினியம் ஒட்சைட்டு போன்ற வன்மையான நுண்துகள்கள் உள. பொறியிற் பூட்டிய மெத்தை அத்துகள்களைப் பூச்சின்மேல் தேய்க்கின்றது. கீறல் ஒரு பள்ளம். பள்ளத்தை நிரப்புவதற்கு அங்கே புதிதாய் யாதும் வருவதில்லை. பள்ளத்தின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள மேட்டைச் சீவிவிடுகின்றனர். கீறல் நீங்கிற்று என்கிறோம்; நீங்கியது கீறல் அன்று, அதனைச் சூழ்ந்திருந்த பூச்சே.

அவ்வாறு சீவிய பின்னரும் மேற்பரப்பு கீறலற்றதாவதில்லை. தூரதரிசினிக்கான ஆடிகளைத் தம் கையாலேயே தேய்த்து மெருகிட்டவர் ஐசாக் நியூற்றன். மெருகிடுதலாவது பரப்பின் கீறல்களைக் கண்ணுக்குப் புலனாகாத அளவுக்குச் சிறிதாக்குவதே என்னும் கருத்தை, 1704இல் வெளிவந்த ‘ஒப்ரிக்ஸ்’ என்னும் ஒளியியல் நூலிலே அவர் தெரிவித்துள்ளார். ஒரு மில்லிமீற்றரை ஆயிரங் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரோன். கட்புலனாகும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 0.4 முதல் 0.7 மைக்ரோன் வரையாகும். கீறல்கள் இவ்வளவிலும் மிகச் சிறியனவானால் ஒளி அவற்றைப் பொருட்படுத்தாது சீராகத் தெறிக்கின்றது. நாம் கண்ணாடி போலுளது என வியக்கின்றோம். குற்றமே இல்லாத பரப்பு என்பது குற்றம் கண்ணிற் படாத பரப்பேயாம். ஆகவே அதனைத் தேடிப் புறப்படுவோர்க்கு முடிவிடம் என ஒன்று இல்லை. இன்னும் பிரகாசமான விளக்கொன்றைப் பிடித்தால் இன்னுஞ் சில கீறல்கள் தோன்றவே செய்யும்.

குத்துவிளக்கை ஆண்டாண்டாக விளக்குகின்றோமே, அதற்கு என்ன கேடு வந்தது என்று இல்லத்தரசியர் வினவலாம். நல்ல வினா. குத்துவிளக்கு உள்ளும் புறமும் பித்தளை. மேலே சிறிது தேய்ந்தாலும் கீழே இருப்பதும் பித்தளையே. ஆயின் வெள்ளி முலாம் பூசிய தட்டொன்றைச் சாம்பலிட்டுத் தேய்த்துப் பாருங்கள். சில காலம் மின்னும். பின்னர் ஒருநாள் உள்ளிருக்கும் உலோகம் பல்லிளிக்கும். இக்காலத்துக் கார் குத்துவிளக்கின் இனமன்று, முலாம் பூசிய தட்டின் இனம்.

தகட்டின்மேல் துருக் காக்கும் பூச்சு, அதன்மேல் அடிப்பூச்சு, அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற தெளிபூச்சு என அடுக்கடுக்காய் உளது. தொழிற்சாலையிலிருந்து வரும்போது இவ்வளவும் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரோன் வரையே இருக்கும். அதில் தெளிபூச்சின் பங்கு ஏறத்தாழ 40 அல்லது 50 மைக்ரோன். நம் தலைமயிர் ஒன்றின் தடிப்பு சுமார் 70 மைக்ரோன் எனில், வண்டியின் அழகு முழுவதும் ஒரு மயிரிழையிலும் மெல்லியதொரு படையிலே தங்கியுள்ளது எனலாம். வெயிலின் ஊதாக் கடந்த கதிர்களைத் தடுத்து நிறத்தைக் காப்பதும் அப்படையே. வன்மையாக மெருகிடும் ஒவ்வொரு முறையும் அதிற் சில மைக்ரோன் போய்விடுகின்றது. விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பூச்சு இயல்பாகவே மெலிந்திருத்தலின், அங்கேதான் முதலிற் கேடு தோன்றும்.

முற்காலத்து வண்டிகளில் இவ்விழப்பைக் கண்ணாற் காணக்கூடியதாயிருந்தது. 1920களில் டூப்பொன், ஜெனரல் மோட்டார்ஸ் ஆகிய நிறுவனங்கள் வெளிக்கொணர்ந்த ‘டூகோ’ முதலிய பூச்சுகளில் நிறம் மேலிருந்து கீழ்வரை விரவியிருந்தது. நம் நாட்டிலே இன்றும் செல்லமாகப் பேணப்படும் மொரிஸ் மைனர் வண்டியைப் பழைய ஒற்றைப் பூச்சுடன் வைத்திருப்பவர் மெருகிட்டால், துணியில் வண்டியின் நிறம் ஏறும். பச்சை வண்டியாயின் துணி பச்சையாகும். “போதும், நிறுத்து” என்று அத்துணியே எச்சரித்துவிடும். 1980களிலிருந்து பரவலாகிய தெளிபூச்சுக்கோ நிறமில்லை. அது தேய்ந்து துணியில் ஏறினாலும் நாம் அறியோம். இழப்பு கண்ணுக்குத் தெரியவில்லை. பளபளப்போ உடனே தெரிகின்றது. இவ்விரண்டும் சேர்ந்தே மனிதனை மயக்குகின்றன.

நான் அறிந்த அன்பர் ஒருவரிடம் கருநிறக் கார் ஒன்று உண்டு. புதுவண்டி வாங்க இயலாத அவ்வாண்டுகளில், இதையாவது புதிதாய் வைத்திருப்போம் என்று சித்திரைப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் தவறாது மெருகிடுவித்தார். ஒவ்வொரு முறையும் ஊரார் புகழ்ந்தனர். நான்காம் ஆண்டிலே கூரையின் விளிம்பிற் தேமல் போன்று வெண்மை படர்ந்தது. அடுத்த மாரிக்குள் தெளிபூச்சு வெங்காயத் தோல்போல உரியத் தொடங்கிற்று. உரிந்த தெளிபூச்சை ஒட்டவைக்கும் பசை எதுவுமில்லை. முழுப் பகுதியையும் சுரண்டி மறுபடி வர்ணம் அடித்தலே வழி. மகளின் மேற்படிப்புக்கென ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதி அவ்வாறு வர்ணமாய்ப் போயிற்று.

மெருகிடுதலே கூடாது என்பது என் கருத்தன்று. பல ஆண்டுக்கொருமுறை, தேர்ந்த கையாலே, மென்மையான பசைகொண்டு செய்வது வண்டிக்கு நன்மையே. செய்விக்குமுன் சிலவற்றைக் கேட்டறிதல் வேண்டும். பூச்சின் தடிப்பை அளக்கும் கருவி அவர்களிடம் உண்டா? அது பொதுவாக எல்லாப் படைகளின் மொத்தத்தையே காட்டும். எனினும் மெலிந்த இடத்தை முன்கூட்டியே அறிய உதவும். நகத்தால் வருடும்போது நகம் இடறும் கீறலை மெருகினாற் போக்க முயலலாகாது, அது ஆழமானது. சில பசைகள் கீறலை எண்ணெயால் நிரப்பி மறைக்கும். நாலைந்து முறை கழுவியதும் கீறல்கள் மீண்டும் தோன்றும். வேலை முடிந்தவுடன் மதுசாரம் கலந்த நீராற் துடைத்துப் பார்த்தால் உண்மை வெளியாகும். ‘செரமிக்’ எனப் பெருவிலைக்கு விற்கப்படும் பூச்சும் கீறலை ஆற்றும் மருந்தன்று. அதனை இடுமுன் மெருகிடுவது வழக்கமாதலின், அங்கும் தேய்வு உண்டு. பிரேசில் நாட்டின் வடகிழக்கில் வளரும் கர்நோபாப் பனையின் மெழுகு வண்டிக்குப் பூசப்படுவது. அதுவும் காப்பதற்கேயன்றிக் கீறலைப் போக்குவதற்கன்று.

ஆகவே கீறலைப் போக்கும் வழியிலும் கீறாதிருக்கும் வழியே மேலானது. அதற்குப் பெருஞ்செலவில்லை. நிழலில் நிறுத்தி, முதலில் வெறும் நீரை மேலிருந்து கீழாக ஓடவிட்டுப் புழுதியை நீக்குக. இரண்டு வாளிகள் வைத்து, ஒன்றிற் சவர்க்கார நீரும் மற்றொன்றில் நல்ல நீரும் நிரப்புக. மென்துணியால் ஒரு பகுதியைக் கழுவியதும் அதனை நல்ல நீரில் அலசிய பின்னரே மீண்டும் சவர்க்கார நீரில் தோய்க்க வேண்டும். மணல் மிகுந்த கீழ்ப்பகுதிகளை இறுதியிற் கழுவுக. நிலத்தில் விழுந்த துணியை வண்டியில் மறுபடி வையாதீர். உலர்த்தும்போது தேய்க்காது ஒற்றி எடுக்குக. விடுமுறை நாளில் வீட்டுப் பிள்ளைகள் அரை மணி நேரத்திற் செய்துவிடக்கூடிய வேலை இது.

இத்தனைக்குப் பின்னும் சில கீறல்கள் விழும். நண்பகல் வெயிலில் அவை தெரியும், மாலையில் மறையும். அவற்றை அப்படியே விட்டுவிடுவது சோம்பலன்று, கணக்கறிந்த செயல். கலிபோர்னியாவின் பெபிள் பீச்சிலே 1950ஆம் ஆண்டில் தொடங்கிய புகழ்பெற்ற கார் அழகுப் போட்டியிலும், புதுப்பிக்கப்படாது தம் பழைய பூச்சோடு காக்கப்பட்ட வண்டிகளுக்கெனத் தனிப் பிரிவுகள் இன்று உள. பிழையாய் எழுதிய ஓர் எழுத்தை அழிறப்பராற் தேய்த்துத் தேய்த்துத் தாளையே துளைத்துவிடும் மாணவனை ஆசிரியர்கள் யாவரும் அறிவர். எழுத்துப் பிழைக்கு ஒரு புள்ளி போகலாம்; தாள் கிழிந்தால் மறுபக்கத்தில் எழுதியதும் போய்விடும். மெருகுப் பொறியைக் கையில் எடுக்குமுன், தேய்ப்பதற்கு இன்னும் எவ்வளவு மிஞ்சியுள்ளது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.